நாலு டிகிரிக் கடல்

"நாலு டிகிரி!" என்று கத்திவிட்டு நோர்வேஜியச் சிநேகிதி தூரி, கயிற்றில் கட்டியிருந்த வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பலகைமேல் போட்டாள். மார்ச் மாதம் நாலுதானே இருக்கும் என்று தவமலர் நினைத்தாள். நோர்வேயின் இந்த வடக்குத் தீவுக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகியும் அவளுக்கு இது அதிசயம்தான், பகல் நீண்டுகொண்டு போகும், சனம் வசந்தம் வருகுது என்று யன்னல் துடைக்கத் தொடங்கும், கடல் மட்டும் மார்ச்சில்தான் ஆகக் குளிரும், சொல்வழி கேளாத பிள்ளை மாதிரி. மரத்தால் கட்டிய சின்னப் படகுத்துறை, இந்த ஜெட்டி, அதன் நுனியில் இரும்பு ஏணி, ஏணிக்குக் கீழே ஈயம் மாதிரிக் கறுத்த தண்ணீர். மேலே கரையில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நகுலேஸ்வரன் இருக்கிறார், அவளுடைய கணவர், கண்ணாடியில் விழுகிற மழையும் பனியும் கலந்த சேற்றைத் துடைப்பான் ஒருமுறை வழித்துவிட்டு நிற்கிறது, பிறகு இன்னொருமுறை. தவமலர் ரப்பர்க் கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். நாளைக்கு மத்தியானக் கப்பலில் தூரி போய்விடுவாள். தெற்கே, தமக்கையின் ஊரில், அங்கே பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது, வீடு விற்றாகிவிட்டது, தளபாடமெல்லாம் போன கிழமையே லொறியில் போய்விட்டது. ஆகவே இன்றைக்கு. இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு ஃபோனிலா சொல்வது, ஃபோனில் சொல்கிற கதையா அது. ஒரே ஒரு வசனம். அண்டைக்கு நான் குளிக்க வரேல்லை. அவ்வளவுதான். நோர்வேஜிய மொழியில் அதற்கு வேண்டிய எல்லாச் சொல்லும் அவளுக்குத் தெரியும், முதல் வருடத்திலேயே படித்த சொற்கள், அன்றைக்கு, நான், குளிக்க, இல்லை. மீன் ஆலையில் பதினாலு வருடம், முதியோர் இல்லத்துக் குசினியில் பதினேழு வருடம், அந்த மொழியில் எத்தனை ஆயிரம் வசனம் சொல்லியிருப்பாள், சூப் சுடுகுது கவனம், இந்தப் பெட்டியில் முள் கிடக்கு, உங்கட மகள் ஞாயிற்றுக்கிழமை வருவா. இதை மட்டும் எட்டு வருடமாகத் தமிழில்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

"இறங்கு, தவா, நிண்டு யோசிச்சால் குளிர் கூடும்" என்றாள் தூரி. தூரி பேசுவது நோர்வேஜிய மொழிதான், ஆனால் தவமலரின் காதுக்குள் அது எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது, எப்போது ஆனது என்று கேட்டால் தெரியாது. முதல் படி, இரண்டாம் படி, கணுக்கால், முழங்கால். முழங்காலுக்கு நன்றி, போன வருடம் வீங்கிப்போய்க் கிடந்தது, இப்போது மடங்குகிறது. தொடை. இடுப்புக்கு வரும்போதுதான் ஒவ்வொரு முறையும் உடம்பு, போதும் ஏறு, என்று கத்துகிறது, எட்டு வருடமாக ஒவ்வொரு முறையும், பழகிவிடும் என்று சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள், பழகுவதில்லை, பயத்தோடு இறங்கப் பழகுகிறது, அவ்வளவுதான். நெஞ்சு. யாரோ இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துப் பிழிகிற மாதிரி மூச்சு நின்றது, பிறகு தானாகவே உள்ளே இழுத்தது, இழுத்தது, இழுத்தது, வெளியே விடு, வெளியே விடு, விட்டால்தான் அடுத்தது வரும், உதட்டைக் குவித்து நீளமாக ஊதினாள். பக்கத்தில் தூரியும் ஊதினாள். இரண்டு கிழடுகள் கேக் இல்லாமல் மெழுகுதிரி ஊதுகிற மாதிரி. கழுத்தில் ஊசி, கையுறைக்குள் விரல் நோவு, கால் விரல் இருக்கிறதா என்று தெரியாது, கண்ணில் நீர். பிறகு அது. ஒரு நிமிடம் கழிய வருகிற அது. தோலுக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு சூடு மெல்லக் கசிந்து பரவும், மூச்சு தன் பழைய நடைக்குத் திரும்பும், தலைக்குள் கிடந்த சத்தமெல்லாம் ஒரேயடியாக அடங்கும், உலகத்தில் வேறொன்றும் இல்லை, தாடைவரை தண்ணீர், தாடைக்கு மேலே தான். இதற்கு யாருக்கு நன்றி சொல்வது. பிள்ளையாருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், ஆனால் பிள்ளையாருக்கு நாலு டிகிரி பற்றி என்ன தெரியும்.

காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் சொல்வது சுகமாக இருந்திருக்கும். தூரத்தில் ஆடுகிற செம்மஞ்சள் மிதவையை நோக்கிக் கையை வீசும்போது அந்த இடத்தில்தான் நினைவு எப்போதும் முட்டுப்பட்டு நிற்கிறது. அவளுக்குத் தெரிந்தவர்களில் செத்துப்போகக் காரணம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், வீட்டைப் பறிகொடுத்தவர்கள், அவளுக்குமே ஒரு காலத்தில் காரணங்கள் இருந்தன, ஷெல் விழுந்த காலம், மச்சான் காணாமல் போன காலம், கொழும்பில் லொட்ஜ் அறையில் ஐந்து மாதம் விசாவுக்குக் காத்திருந்த காலம், அப்போதெல்லாம் அவள் உயிரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினாள். எல்லாம் முடிந்து, வீடு நல்ல வீடு, மனுஷன் நல்ல மனுஷன், மகள் ஆரபி ஒஸ்லோவில் படிக்கிறாள், சுகயீனம் ஒன்றும் இல்லை, அப்போது வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசி கழுவ மனமில்லாமல் நின்றாள், தண்ணீர் கொதித்து வற்றி அடிப்பிடித்தது, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்படித்தான் தொடங்கியது என்று நினைக்கிறாள். பிறகு பசி போனது. பிறகு கதை போனது. வேலைக்குப் போனாள், சிரித்தாள், சூப் ஊற்றினாள், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் இருந்தாள். "உமக்கு உடம்புக்கு என்ன?" என்று அவர் கேட்பார். "ஒண்டுமில்லை" என்பாள். உண்மையைத்தான் சொன்னாள். ஒன்றுமேயில்லை. அதுதான் வருத்தம். அதைச் சொல்லிக்கொண்டு டொக்டரிடம் போக வெட்கம், உனக்கென்ன குறை என்று கேட்டால் விரல் விட்டு எண்ண ஒரு குறைகூட இல்லாத வெட்கம்.

அந்த நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணிதான், ஆனால் இங்கே நவம்பரில் இரண்டு மணிக்கு இருட்டிவிடும். பாத்திரம் கழுவி வைத்தாள், கைப்பையைக் குசினி மேசையில் வைத்தாள், வீட்டுச் சாவியை அதன்மேல் வைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு இந்த ஜெட்டியின் நுனிக்கு வந்து நின்றாள். இதற்குமேல் அந்த நாளைப் பற்றி நினைக்க அவளுக்கு விருப்பமில்லை, நினைக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் அப்போதுதான் பின்னால் பலகை அதிர்ந்தது. தடித்த ஒரு பெண், குளியலறைக் கவுணுக்கு மேலே கம்பளித் தொப்பி, கையில் டோர்ச். "அப்பாடா! நீயும் குளிக்கவோ வந்தனீ?" என்று கேட்டாள். முன்பின் தெரியாத பெண். "துவாய் எங்கை? தொப்பி எங்கை? உப்பிடியே வாறது?" என்று ஏசினாள். தவமலர் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், பிறகு ஏன் இஞ்சை நிக்கிறாய் என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிடச் சும்மா தலையாட்டுவது சுகமாக இருந்தது. தலையாட்டினாள். அடுத்த நிமிடம் அந்தப் பெண் தன் தொப்பியைக் கழற்றி இவள் தலையில் மாட்டினாள், கோட்டைக் கழற்றச் சொன்னாள், சட்டையோடும் நீளக் காலுறையோடும் நின்றவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறக்கினாள், மூச்சை விடு, வெளியே விடு. கழுத்துவரை தண்ணீர் வந்ததும் தவமலர் "ஐயோ அம்மா!" என்று கத்திய கத்தலில் மிதவையில் இருந்த கடற்பறவை எழும்பிப் பறந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த பெரிய சத்தம். இருபது வினாடிகூட இருக்காது. ஏறி வந்து நடுங்கிய நடுக்கத்தில் பல் பல்லோடு அடிபட்டது, அந்தப் பெண் தன் கவுணால் அவளைச் சுற்றி, பையிலிருந்து கறுவா மணக்கிற இனிப்பு ரொட்டி, பணிஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். பசித்தது. பசித்தது என்பதை உணர்ந்ததும் தவமலர் பயந்தே போனாள். இரண்டு பணிஸ் தின்றாள். "அடுத்த சனி இதே நேரம், தொப்பியைக் கொண்டுவா, அது என்ர நல்ல தொப்பி" என்றாள் அந்தப் பெண். அவள் தூரி. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தவமலர் உயிரோடு இருந்ததற்கு ஒரு காரணம் கேட்டால், தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தவரின் பொருளை வைத்துக்கொண்டு எங்கே போவது.

கை வீசு, கால் உதை, மூச்சு. நீந்தக்கூடத் தெரியாது அப்போது. பள்ளிக்கூட நிலவறையில் இருக்கிற நீச்சல் தடாகத்தில் ஐம்பது வயதில் மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பழகினாள், பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் மீன் மாதிரி ஓடின. பிறகு ஒரு வருடம், இரண்டு வருடம், எட்டு. ஏப்ரலில் மலையிலிருந்து பனி கரைந்து தண்ணீர் தேயிலைச் சாயமாக வரும். ஜூனில் சூரியன் மறையாமல் கடல்மேல் உருண்டு திரியும், தண்ணீர் எட்டு, ஒன்பது. ஆகஸ்டில் பன்னிரண்டு, அது ஆடம்பரம், ஆனால் சிவப்பு ஜெலிமீன் வரும், ஒருதரம் முழங்கையில் பட்டு மூன்று நாள் எரிந்தது, தூரி அதற்கும் சிரித்தாள். ஒக்டோபரில் காற்று. பிறகு இரண்டு மாதம் சூரியனே இல்லை, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், விளக்கு வெளிச்சத்தில் பனித்தூள் விழுவது தெரியும், தண்ணீரில் பட்டதும் ஒவ்வொன்றும் அணையும். முதல் நாள் ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனபோது நகுலேஸ்வரன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கை போனனீர்? சாவியும் மேசையிலை கிடக்கு" என்றார். "கடலிலை குளிச்சனான்." "நவம்பர் மாசமோ? உமக்கென்ன விசரே?" அவள் சிரித்துவிட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், கனநாளைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு சொல் மறுத்துச் சொன்னதில்லை. டொக்டரிடமும் போனாள், குளிசை எடுத்தாள், ஒரு வருடம் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்க் கதைத்தாள், கடல் மட்டுமே செய்ததென்று சொன்னால் பொய், ஆனால் டொக்டரிடம் போக வாயைத் திறந்தது கடல்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மனுஷிக்குக் கொஞ்சம் மனச்சோர்வு, குளிசை எடுத்து மாறிவிட்டது. ஜெட்டியின் கதை அவருக்குத் தெரியாது. எட்டு வருடமாகக் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணியோடு, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அது என்ன இடம் என்று தெரியாமல்.

மிதவைக்கு இன்னும் பத்துப் பதினைந்து வீச்சு இருக்கும். இப்போது சொல். இல்லை, மிதவையில் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும். தூரியின் முகம் மாறும். முதியோர் இல்லத்தில் தாதிமார் வைத்துக்கொள்கிற அந்தக் கவனமான முகம் வரும், உடையக்கூடிய சாமானைப் பிடிப்பதுபோல ஒரு முகம், அதற்குப் பிறகு எட்டு வருடச் சிரிப்பும் திரும்பிப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும், ஓ இவள் அப்போதும் அப்படித்தான் இருந்தாளோ என்று. சொல்லாமல் விட்டால் என்ன, நாளைக்குக் கப்பல் போகும், கை காட்டலாம், நல்ல சிநேகிதிகளாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மனுஷி உன்னைக் கையைப் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறாள், அது அவளுக்கே தெரியாமல் அவள் பாட்டில் தெற்கே போய் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பாள், இது நியாயமா. குளித்தது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அண்டைக்கு நான். அண்டைக்கு நான் குளிக்க. நன்றி என்பது இவ்வளவு பாரமான சாமானா, எட்டு வருடமாகக் கையில் வைத்துக்கொண்டு நீந்துகிற மாதிரி, கீழேயும் போட முடியாமல். அப்போதுதான் பக்கவாட்டில் வந்த ஒரு சின்ன அலை வாய்க்குள் அடித்தது. உப்பு. இருமினாள், இருமும்போது மூச்சு உள்ளே போனது, மூச்சோடு இன்னும் தண்ணீர், ஒரு கணம் வானமும் இல்லை கரையும் இல்லை, கை எங்கேயோ தேடுகிறது, இப்போது வேண்டாம், என்று உடம்பு முழுக்கக் கத்தியது, இப்போது வேண்டாம், எனக்கு இருக்கோணும். கையுறையில் மிதவையின் கயிறு அகப்பட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டு இருமினாள். உயிரோடு இருக்க எவ்வளவு பலமாக விரும்புகிறாள் என்பதை நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"என்ன, என்ன?" என்று தூரி பக்கத்தில் வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். "விழுங்கிட்டியோ? என்னைப் பார். மூச்சை விடு."

"தூரி, அண்டைக்கு நான் குளிக்க வரேல்லை."

"எண்டைக்கு?"

"முதல் நாள். தொப்பி தந்த நாள். குளிக்க வரேல்லை."

தூரியின் கால்கள் தண்ணீருக்குள் மெல்ல உதைத்துக்கொண்டிருந்தன. முகத்தில் உப்பு நீர் வழிந்தது. கவனமான முகம் வரவில்லை. என்ன முகம் வந்ததென்று தவமலருக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை, வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"பிறகேன் என்னோடை இறங்கினாய்?"

"நீ கேட்டாய். இல்லையெண்டு சொல்ல வெக்கமா இருந்தது."

தூரி சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தாள். சிரிப்பு இல்லை அது. "நான் அண்டைக்கு வீட்டை போகத்தான் திரும்பினனான்" என்றாள். "வீட்டை இல்லை, நேரே போத்தில் வாங்கக் கடைக்கு. குடியை விட்டுப் பதினோராம் நாள். குளிர்த் தண்ணி நல்லதெண்டு ஆரோ சொன்னவை. மூண்டு நாள் வந்து வந்து பார்த்திட்டு இறங்கப் பயந்து திரும்பிப் போனனான். நீ நுனியிலை நிண்டாய். ஆள் நிக்குது, இனிப் பயப்பட ஏலாது எண்டு நினைச்சன்." மூக்கை ரப்பர்க் கையுறையால் துடைத்தாள். "எனக்கும் அது முதல் நாள்தான், விசரி. எனக்கு மூச்சு விடத் தெரியுமெண்டு நினைச்சனியோ?" பிறகு, "ஏழு நிமிசமாச்சு. திரும்பு. என்ர பக்கத்திலையே வா" என்றாள்.

பக்கத்திலேயே நீந்தினார்கள், தோள் தோளில் முட்ட, அது நீந்துகிற முறையே இல்லை, ஒருவர் கை மற்றவர் கையில் இடித்தது. தவமலருக்கு விரல்கள் மரத்துவிட்டன. ஏணியின் இரும்பை முழங்கையால் கொளுவிக்கொண்டு ஏறினாள். ஏறிய பிறகுதான் குளிர் உண்மையாக வரும், வெளியே வந்த உடம்பு இன்னும் பத்து நிமிடம் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே போகும், அதற்குள் துடைத்து, உடுத்தி, நடக்க வேண்டும், யோசிக்கக் கூடாது. பட்டன் போட விரல் வரவில்லை. தூரி போட்டுவிட்டாள், தூரியின் விரலும் நடுங்கியதால் ஒன்று மாறிப் பூட்டியது. அதைத் திருத்தாமல் தவமலரின் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, "அவருக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். கார்ப்பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"இல்லை."

"ம்" என்றாள் தூரி. தன் காருக்கு நடந்தாள், இரண்டடி போய்த் திரும்பி வந்து, தவமலரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் நெற்றியை ஒருமுறை முட்டிவிட்டு மறுபடி நடந்தாள்.

காருக்குள் சூடு முகத்தில் அடித்தது. நகுலேஸ்வரன் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி அவளுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்து, சிந்தாமல் இருக்கத் தன் கையையும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். எப்போதும் செய்வதுதான். "இண்டைக்குக் கூட நேரம் நிண்டிட்டியள். மிதவையடியிலை என்ன கதை? நான் இறங்கி வரப் பார்த்தனான்" என்று சொல்லிக் காரை எடுக்கப் போனார். "எடுக்காதேங்கோ" என்றாள் தவமலர். "இஞ்சாருங்கோ, ஒரு கதை சொல்லோணும். நான் முடிக்குமட்டும் ஒண்டும் கேக்காதேங்கோ." அவர் ரேடியோவை நிறுத்தினார். பிறகு எஞ்சினையும். அவள் சொன்னாள். தாடை நடுக்கத்தில் சொற்கள் துண்டு துண்டாக வந்தன, உலை வற்றிய நாள், கைப்பை, சாவி, ஜெட்டி, தலையாட்டியது. ஒரு காரணமும் இல்லை, உங்களிலை ஒரு பிழையும் இல்லை, என்று இரண்டு தரம் சொன்னாள். கண்ணாடியெல்லாம் மூச்சுப் புகையில் மூடிக்கொண்டது. முடித்தபோது அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். "சாவி மேசையிலை கிடந்தது" என்று தனக்குத்தானே சொல்லுவதுபோலச் சொன்னார். "நான் கண்டனான். கண்டும்..." அவள் அவருடைய முழங்காலில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை எடுத்து ஒருமுறை அழுத்தி அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனார்.

தவமலர் கண்ணாடியில் கையால் ஒரு வட்டம் துடைத்துப் பார்த்தாள். ஈரப் பனியில், தொப்பிகூடப் போடாமல், அறுபத்துமூன்று வயது மனுஷன் வேகமாக நடந்துபோய்த் தூரியின் காருக்கு முன்னால் நின்றார். தூரி வாயில் பணிஸோடு கதவைத் திறந்தாள். இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம், யாருக்கும் கை கொடுப்பதோடு சரி, ஆலையில் பிரியாவிடை தந்தபோதும் கட்டிப்பிடிக்க வந்த மனேஜர் பெண்ணுக்குக் கையைத்தான் நீட்டினார். இப்போது தூரியின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். ஏதோ சொன்னார், நிறுத்தாமல் சொன்னார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு குனிந்து அவளைக் கட்டிப்பிடித்தார், எப்படிப் பிடிப்பது என்று தெரியாத பிடி, கழுத்தோடு சேர்த்து. தூரியின் ஈரத் தலை அவருடைய தோளில் கிடந்தது. தலை மேலும் கீழுமாக ஆடியது, ஓம் ஓம் என்பதுபோல.

திரும்பி வந்து ஏறியபோது அவருடைய ஜக்கெட்டின் தோளில் பெரிய ஈர அடையாளம் இருந்தது. மூக்கைச் சிந்தினார். கார்ச் சாவியைத் திருகாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று தவமலர் கேட்டாள்.

"அவவுக்கு விளங்கினதோ தெரியேல்லை" என்றார் அவர். "எல்லாம் தமிழிலைதான் வந்தது."